மே மாதம் வேண்டாம்: தில்லிக்கு வரும் உறவினர்களுக்கு

ஊரிலிருந்து தில்லிக்குக் கிளம்புகிறவர்கள் போனில் முதலில் கேட்பது, "என்னென்ன பார்க்கலாம்?" செங்கோட்டையும் குதுப் மினாரும் எங்கும் போய்விடாது. எந்த மாதம் வருகிறீர்கள், எந்தக் கிழமை எங்கே போகிறீர்கள், எந்த மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். பல வருடமாக இங்கே குடியிருக்கிறோம். அத்தை, சித்தப்பா, அவர்களுடைய சம்பந்தி வீட்டார் என்று வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தி தெரியாமல், முழங்கால் வலியோடு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது தலைநகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வருகிற பெரியவர்களை மனதில் வைத்துத்தான் இதில் பாதியை எழுதுகிறேன்.

முதலில் மாதம். தமிழ்நாட்டில் பள்ளிக்கு நீண்ட விடுமுறை என்றால் மே. தில்லிக்கு வரவே கூடாத மாதமும் அதுதான். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும். இங்கே வியர்வை தெரிவதற்குள்ளேயே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. மதியத்தில் மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனல்காற்று வீசும். செங்கோட்டைக்குள் நிழலே இல்லாத முற்றங்களை உச்சி வேளையில் கடக்கிற நம் ஊர்க் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். குழந்தை துவண்டு அப்பாவின் தோளில் கிடக்கும். பாட்டி சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார். அத்தனை செலவு செய்து வந்தவர்கள் எதையும் பார்க்காமல் திரும்புவதைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது.

அரையாண்டு விடுமுறையும் சரிப்படாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாக வரும், காலை விமானங்கள் தள்ளிப்போகும். இரவில் ஐந்தாறு டிகிரி வரை குளிர் இறங்கும். சாதாரண ஹோட்டல் அறைகளில் சூடேற்றும் வசதி இருக்காது. கேட்டால் ஒரு சின்ன ஹீட்டர் தருவார்கள், சில இடங்களில் அதற்குத் தனிக் காசு. தீபாவளியை ஒட்டி ஆரம்பித்து ஜனவரி வரை காற்று வேறு கெட்டுக் கிடக்கும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. நவம்பரில் பல நாட்கள் அந்த 400-ஐ ஒட்டியோ தாண்டியோதான் போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றாட அளவைப் பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களையும் இதய நோயாளிகளையும் தயவுசெய்து நவம்பரில் அழைத்து வராதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளிக் குழந்தைகளோடு வர நல்ல காலம் காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் மழை விலகிவிடும், காற்று இன்னும் கெட்டிருக்காது. பகலில் வெயில் இருந்தாலும் காலையும் மாலையும் சுகமாக இருக்கும். பெரும்பாலும் நவராத்திரியும் அதை ஒட்டியே வரும். நம் வீடுகளில் கொலு வைக்கிற அதே நாட்களில் இங்கே செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலா என்னும் ராமாயண நாடகம் நடக்கும். விஜயதசமி அன்று ராவணன், கும்பகர்ணன், மேகநாதன் மூவரின் உருவங்களையும் கொளுத்துவார்கள். குழந்தைகளுக்கு அது ஒன்றே போதும். பள்ளிக் கவலை இல்லாதவர்கள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் வாருங்கள். ரவுண்டானாக்களில் எல்லாம் பூ. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டமும் அந்தச் சமயத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். இணையத்தில் முன்பதிவு, கட்டணம் கிடையாது.

மே மாதத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் நாளை இரண்டாக வெட்டிவிடுங்கள். விடிந்ததும் கிளம்பி ஹுமாயூன் கல்லறையையோ குதுப் மினாரையோ பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். நடுப்பகலை ஏசி உள்ள மியூசியத்திலோ அறையிலோ கழித்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் இந்தியா கேட், தேசியப் போர் நினைவுச் சின்னம் என்று போகலாம்.

இனி, வந்து இறங்குவது. தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் ஒரே ஸ்டேஷனுக்கு வருவதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுதில்லிக்கு வரும். திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி, சென்னை ராஜ்தானி ஆகியவை ஹஜ்ரத் நிஜாமுதீனில் நின்றுவிடும். புதுதில்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். முதல் பிளாட்பாரப் பக்கம் பஹாட்கஞ்ச், 16-ஆம் பிளாட்பாரப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம். மஞ்சள் லைன், ஏர்போர்ட் லைன் இரண்டுமே அங்கிருந்துதான். நிஜாமுதீனில் மெட்ரோ பின்பக்கம், சராய் காலே கான் பஸ் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டால் பெட்டியோடு சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே பிளாட்பாரத்தில் இறங்கியதுமே எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுதில்லி ஸ்டேஷன் வாசலில் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து, அதிகாரி போல உங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார். "இந்த வண்டி ரத்து", "இந்த டிக்கெட் செல்லாது, எதிரே ஆபீசில் மாற்றிக் கொள்ளுங்கள்", "நீங்கள் போகிற ஹோட்டல் இருக்கிற ரோடு அடைப்பு" என்று ஏதாவது சொல்வார். கூட்டிப்போகிற இடம் ஒரு தனியார் டிராவல்ஸ் கடையாக இருக்கும். எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெரியவர் இப்படிப் போய், நல்ல டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கார் வாடகைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்தார். சந்தேகம் வந்தால் 139-க்கு போன் செய்தால் வண்டியின் நிலவரம் தெரிந்துவிடும். ரயில்வே ஊழியர் எவரும் வாசலில் நின்று உங்களைத் தேடிவந்து டிக்கெட் மாற்றித் தர மாட்டார்.

விமானத்தில் வருகிறவர்கள் டெர்மினல் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டெர்மினல் 3-லிருந்து ஏர்போர்ட் லைன் மெட்ரோ புதுதில்லி ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம் போலத்தான் எடுக்கும். டெர்மினல் 1 சில கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. அதற்கு மெஜந்தா லைன். அந்த லைனிலேயே வசந்த் விஹார், முனிர்க்கா, ஆர்.கே.புரம் எல்லாம் வந்துவிடுவதால், தமிழர்கள் நிறைய இருக்கிற அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு டாக்சியே தேவையில்லை. திரும்பும்போது டெர்மினல் மாறிப் போய்விட்டால் மட்டும் பெரிய அவஸ்தை.

மெட்ரோவைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தி தெரியாத ஒருவரை இந்த நகரத்தில் சுதந்திரமாக நடமாட விட்டது அதுதான். 2002 டிசம்பரில் ஷாதரா – தீஸ் ஹஸாரி இடையே ஆரம்பித்தார்கள். இன்று நீங்கள் பார்க்க நினைக்கிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் உண்டு. அறிவிப்புகளும் பலகைகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஏமாற்று, பேரம் எதுவும் கிடையாது. 2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகு சாதாரண லைன்களில் கட்டணம் 11 ரூபாயில் ஆரம்பித்து 64 ரூபாயில் முடிகிறது. ஸ்மார்ட் கார்டு வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி, அதைவிட முக்கியம், வரிசையில் நிற்க வேண்டாம். ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரு கார்டை வைத்து இரண்டு பேர் போக முடியாது.

ராஜீவ் சௌக் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் லைன் மாறுவதற்குப் பயப்பட வேண்டாம். தரையைப் பாருங்கள். பாதச் சுவடுகளை நிறம் நிறமாக ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் லைனுக்கு மஞ்சள் பாதம், நீல லைனுக்கு நீலப் பாதம். அதன்மேலேயே நடந்து போனால் படிக்கட்டு, எஸ்கலேட்டர் எல்லாம் தாண்டிச் சரியான பிளாட்பாரத்தில் கொண்டுபோய் விடும். எழுபது வயதைத் தாண்டிய என் பெரியம்மா, எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கிறவர், இரண்டாம் நாளே அந்தப் பாதங்களைப் பார்த்து எங்களுக்கு முன்னால் நடந்துபோய் பிளாட்பாரத்தில் நின்றார். எத்தனை கம்பீரமாக நின்றார் தெரியுமா!

வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஏறினால் அபராதம். கூட்ட நேரத்தில் அம்மா முதல் பெட்டியிலும் அப்பா வேறு பெட்டியிலும் ஏறுவது சகஜம். அதற்கு முன் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம், எத்தனையாம் நம்பர் கேட் அருகே சந்திக்கிறோம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பல கேட் உண்டு. தப்பான கேட்டில் ஏறி வெளியே வந்தால் எட்டு வழிச் சாலையின் அந்தப் பக்கம் நிற்க வேண்டியிருக்கும். நுழைகிற இடத்தில் பையை ஸ்கேன் செய்வார்கள், பெண்களுக்குத் தனி வரிசை. ரயில் பயணத்தில் பழம் நறுக்கக் கொண்டுவந்த கத்தி பையில் இருந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதை அறையிலேயே விட்டுவிடுங்கள். இரவு பதினொரு மணியோடு பெரும்பாலும் சேவை முடிந்துவிடும். காலை ஒன்பது முதல் பத்தரை, மாலை ஐந்தரை முதல் எட்டு – இந்த நேரங்களில் ராஜீவ் சௌக், காஷ்மீரி கேட் பக்கம் குழந்தைகளோடு போகாமல் இருப்பது நல்லது.

அதனால் தங்குமிடத்துக்கு என் ஒரே நிபந்தனை, மெட்ரோவுக்குப் பெட்டி இழுத்து நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். பஹாட்கஞ்சில் வாடகை குறைவு, ஸ்டேஷனுக்கும் பக்கம். ஆனால் சந்துகள் குறுகல், வயதானவர்களுக்கு லாயக்கில்லை. கரோல் பாக் பரவாயில்லை. ராஜீவ் சௌக்கிலிருந்து நீல லைனில் மூன்றாவது ஸ்டேஷன், நம் சாப்பாடும் கிடைக்கும். அங்கே அறை எடுக்கும்போது ஜன்னல் உண்டா, லிஃப்ட் உண்டா, கீசர் வேலை செய்கிறதா என்று மூன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜன்னலே இல்லாத அறைகள் அந்தப் பகுதியில் ஏராளம், படங்களில் அது தெரியாது.

அடுத்தது கிழமை. திங்கள்கிழமை தில்லியில் பாதிக்குப் பாதி மூடிக்கிடக்கும். செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், லோட்டஸ் டெம்பிள், நேஷனல் மியூசியம், காந்தியடிகள் சுடப்பட்ட வீடான காந்தி ஸ்மிருதி, ரயில் மியூசியம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. சரோஜினி நகர், கரோல் பாக், லஜ்பத் நகர் கடைவீதிகளுக்கும் திங்கள்தான் லீவு. ஞாயிறு அன்று சாந்தினி சௌக்கில் முக்கால்வாசிக் கடைகள் திறக்காது. சனிக்கிழமை இரவு ரயிலேறித் திங்கள் காலை வந்து இறங்குகிறவர்கள் அன்றைக்கு குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, பங்களா சாஹிப் குருத்வாரா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லா நாளும் உண்டு. ஆக்ராவுக்கு வெள்ளிக்கிழமை போகக் கூடாது, தாஜ்மஹால் மூடியிருக்கும். நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா சேருகிற கதிமான் எக்ஸ்பிரஸும் அதனாலேயே வெள்ளியன்று ஓடுவதில்லை. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். ஜனவரி 26-ஐ ஒட்டி அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பாதையைச் சுற்றிச் சாலைகளை அடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டவர்களுக்கு என் சொந்தச் சிபாரிசு, தில்லி கேட் மெட்ரோ பக்கத்தில் மகிளா ஹாட் மைதானத்தில் நடக்கிற பழைய புத்தகச் சந்தை. தரையில் விரித்த புத்தகங்களுக்கு நடுவே அரை நாள் போவதே தெரியாது.

இடங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, தகவல் எங்கும் கிடைக்கும். இரண்டைப் பற்றி மட்டும். அக்ஷர்தாமுக்குள் மொபைல், கேமரா, பை எதையும் விடமாட்டார்கள். வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இடம் பரந்தது, கூட்டம் அதிகம். மொபைல் இல்லாத நிலையில் குடும்பத்தில் ஒருவர் பிரிந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். உள்ளே போவதற்கு முன்பே சந்திக்கிற இடத்தை முடிவு செய்யுங்கள், பெரியவர்கள் சட்டைப்பையில் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இன்னொன்று நேஷனல் மியூசியம். பெரும்பாலோர் இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். பாடப்புத்தகத்தில் பார்த்த மொகஞ்சதாரோ நடன மங்கை இங்கேதான் இருக்கிறாள். உயரம் 10.5 சென்டிமீட்டர், நம் விரல்களை நீட்டினால் உள்ளங்கையில் நிற்கிற அளவு. இடது கை முழுக்கத் தோள் வரை வளையல், வலது கை இடுப்பில், முகத்தில் அப்படி ஒரு அலட்சியம். பெரிய சிலை என்று நினைத்துக்கொண்டு வருகிற குழந்தைகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அதே கட்டடத்தில் இருக்கின்றன. ஆட்களே இல்லாத அறையில் நடராஜருக்கு முன்னால் நிதானமாக நிற்கலாம்.

சாப்பாட்டுக்கு அல்லாட வேண்டியதில்லை. கன்னாட் பிளேஸ், ஜன்பத் பக்கம் சரவண பவன் உண்டு. அசோகா ரோட்டில் ஆந்திரா பவன் கேன்டீனில் வயிறு நிறையச் சோறு, பருப்புப் பொடி, நெய்யோடு. மதியம் கூட்டம் முட்டும், சீக்கிரம் போங்கள். ஆனால் வந்த இடத்திலும் இட்லியையே தேடாமல், காலையில் ஒரு நாளாவது சோலே பட்டூரா (கொண்டைக்கடலை மசாலாவும் பொரித்த ரொட்டியும்), குளிர்காலமானால் பழைய தில்லித் தெருக்களில் பால் நுரையில் செய்கிற தௌலத் கி சாட் சாப்பிட்டுப் பாருங்கள். பங்களா சாஹிபில் இரவு பகல் எந்நேரமும் லங்கர் சாப்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கிடையாது. தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுப் போக வேண்டும். ரொட்டியை இரண்டு கைகளையும் நீட்டி வாங்குங்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.

ஆட்டோவுக்கு மீட்டர் உண்டு. 2023 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 11 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை கால்பங்கு கூடுதல். அந்தக் கணக்கில் ஐந்து கிலோமீட்டருக்கு 70 ரூபாய்க்குள் வரும். 200 கேட்டால் அடுத்த ஆட்டோவுக்கு நகருங்கள், அல்லது செயலியில் புக் செய்யுங்கள். "பையா, மீட்டர் ஸே சலியே" (அண்ணா, மீட்டர்படி வாருங்கள்) என்பதையும், இறங்க வேண்டிய இடத்தில் "பஸ், யஹான் ரோக்கியே" (போதும், இங்கே நிறுத்துங்கள்) என்பதையும் பழகிக்கொண்டால் போதும். கடைகளில் "கித்னா?" (எவ்வளவு?) என்று கேட்டுவிட்டு, பதில் புரியாவிட்டால் மொபைலில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். மொழி தெரியவில்லை என்று கூச்சப்படவே வேண்டாம். இங்கே பாதிப் பேர் வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான், வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் மீறி எங்காவது மாட்டிக்கொண்டால், ஆர்.கே.புரம் பக்கம் வந்துவிடுங்கள். செக்டர் 7-இல் மலை மந்திர் என்று எல்லா ஆட்டோக்காரருக்கும் தெரிந்த சுவாமிநாத சுவாமி கோயில், குன்றின்மேல். 'யாமிருக்கப் பயமேன்' என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கும். செக்டர் 5-இல் 1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம். மாலையில் கோயில் பிராகாரத்தில் தமிழில் சத்தமாக ஒரு வார்த்தை பேசினால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், "எந்த ஊர் மாமா நீங்க?" என்று கேட்பார்கள். டாக்டர் வேண்டுமா, தங்க இடம் வேண்டுமா, யாரையாவது தொடர்புகொள்ள வேண்டுமா, அங்கே கேட்டால் வழி பிறக்கும்.

திரும்பும் நாளில் டிக்கெட்டில் ஸ்டேஷன் எழுத்துக்களைப் பாருங்கள். என்.டி.எல்.எஸ். என்றால் புதுதில்லி, என்.இஸட்.எம். என்றால் நிஜாமுதீன், டி.எல்.ஐ. என்றால் பழைய தில்லி. டாக்சிக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், முழுப் பெயரையும், புதுதில்லியானால் அஜ்மேரி கேட் பக்கமா பஹாட்கஞ்ச் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாலை நேரத்தில் பத்து கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். மூட்டை அதிகமில்லை என்றால் மெட்ரோவிலேயே போய்விடுங்கள். பனிக்காலமானால் கிளம்புவதற்கு முன் வண்டி நேரத்தை 139-இல் கேட்டுக்கொண்டு, தாமதம் என்றால் பிளாட்பாரத்தில் குளிரில் காத்திருக்காமல் அறையைச் சில மணி நேரம் நீட்டித்துக் கொள்ளுங்கள். ஹோட்டல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், காலையிலேயே கேட்டு வைத்தால்.